அப்பாவின் மமியாவை விற்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்து வந்து உட்கார்ந்து படிக்கவும். அவசரத்தில் இருப்பவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். 1998இல் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் என்று சொன்னதுமே அந்த செட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு நான் பொறுப்பல்ல.

"சார், அப்பாவோட மமியா பீரோவுலயே கிடக்கு. அதை வித்துட்டு, கூடக் கொஞ்சம் போட்டு ஹாசல்பிளாட் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் தாள். எட்டு கேமராக்கள், பதினாலு கட்டங்கள், மார்க் போட்டுக் கூட்டி வைத்திருக்கிறான். கணக்கில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கிய பயல்! போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. "நீங்க எழுதியே போட்டுருங்க சார், மத்தவங்களும் படிக்கட்டும்" என்றான். என் கட்சி முதலிலேயே: விற்காதே. ஏன் என்று கீழே சொல்கிறேன். அதில் சென்டிமென்ட் கொஞ்சம்தான், இயற்பியல் நிறைய.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நாம் கல்யாணங்களில் பார்த்த சாதாரண பிலிம் ரோல் 35 மில்லிமீட்டர். அதில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. ஸ்டுடியோக்காரர்கள் போட்டது 120 பிலிம். 1901இல் கோடாக் கொண்டுவந்தது, இன்றைக்கும் வருகிறது. பின்னால் காகிதம் சுற்றிய, ஆறு சென்டிமீட்டர் அகல ரோல். சதுரமாக எடுத்தால் 56க்கு 56 மி.மீ. பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள், மூன்றரை மடங்குக்கு மேல் வரும். பெரிய நெகட்டிவ் என்றால் பெரிதாக்கும்போது மணல்மணலாக உடையாது. கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறுகிற இடம் வெண்ணெய் மாதிரி இறங்கும். ஒரு ரோலில் 6×4.5 அளவென்றால் 15 அல்லது 16 படம், 6×6 என்றால் 12, 6×7 என்றால் 10, 6×9 என்றால் 8. இதுதான் மீடியம் ஃபார்மட். உங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா பாட்டி மாலையோடு தொங்குகிற கறுப்பு வெள்ளைப் படங்களில் நிறைய இந்த ரோலில் வந்தவைதான். நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் போட்டது. இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை.

இனி எக்செல் தாளுக்கு வருவோம். பதினாலு கட்டத்தில் ஆறு கட்டம் லென்ஸின் கூர்மை பற்றியவை. தம்பி, அந்த ஆறையும் அழித்துவிடு. ஹாசல்பிளாடில் வரும் சைஸ் பிளானார், மமியாவின் செக்கார், பிரானிக்காவின் சென்சனான், பென்டாக்ஸின் டக்குமார் எல்லாமே தொழில்காரர்களுக்காகச் செய்த லென்ஸ்கள். பத்துக்குப் பத்து இஞ்ச் பிரிண்டில், அப்பர்ச்சரை எட்டில் வைத்து எடுத்த நாலு படத்தைக் கலைத்துப் போட்டு எது எந்தக் கேமரா என்று கேட்டால் உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதில் தெரியப்போகிற வித்தியாசம் போகஸ் சரியாக இருந்ததா, கை ஆடியதா, இவ்வளவுதான்.

உன் தாளில் இல்லாத கட்டங்கள் மூன்று. பழுதானால் யார் பார்ப்பார்கள்? பட்டனை அமுக்குகிற அந்த நொடியில் நீ எதைப் பார்த்துக்கொண்டிருப்பாய்? எவ்வளவு கிட்டே போகலாம்?

முதலில் பழுது. உன் பட்டியலில் இருக்கிற எதுவும் புதிதாக வருவதில்லை. ஹாசல்பிளாட் 500 வரிசையே 2013இல் நின்றுபோனது. பிரானிக்கா நின்று இருபது வருஷம் ஆகிறது. ஆகவே எதை வாங்கினாலும் இன்னொருவர் உழைத்துக் களைத்த பண்டம்தான். அதில் எலெக்ட்ரானிக் எது, வெறும் இயந்திரம் எது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பிரானிக்கா எஸ்க்யூ அழகான கேமரா, விலையும் சகாயம். ஆனால் ஷட்டர் வேகம் ஒரு சர்க்யூட்டின் கையில். பேட்டரி இல்லாவிட்டால் ஐந்நூறில் ஒரு நொடி என்ற ஒரே வேகம்தான் வேலை செய்யும். பேட்டரி தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம். போர்டு செத்தால்? இன்னொரு செத்த பிரானிக்காவைத் தேட வேண்டும். மமியா 7ம் அப்படியே. கையில் எடுத்தால் இலேசு, ஊர் சுற்றுகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. விலை மட்டும் தலை சுற்றும்.

ஹாசல்பிளாட் 500 சி/எம், மமியா ஆர்பி67, மமியா சி330, ரோலிஃப்ளெக்ஸ் எல்லாம் சுத்த இயந்திரங்கள். பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய் இறுகிப்போனால் கைக்கடிகாரம் மாதிரி பிரித்துக் கழுவிப் போடலாம். சென்னையில் அப்படிப் பார்க்கிற பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் ஹாசல்பிளாடில் ஒரு குணம் உண்டு. லென்ஸ், உடம்பு இரண்டும் முறுக்கிய நிலையில் இருந்தால்தான் ஒன்றோடொன்று சேரும், பிரியும். ஒன்று முறுக்கி ஒன்று முறுக்காமல் போனால் கப்பென்று பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் பிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுத் திருப்பித்தான் விடுவிக்க வேண்டும். தெரிந்தவனுக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவன் நோண்டினால் கதை முடிந்தது.

நிலாவுக்குப் போன கேமரா என்று நீ இரண்டு தடவை சொன்னாய். உண்மைதான். 1969இல் அப்போலோ 11 கொண்டுபோனது ஹாசல்பிளாட். ஆனால் அவர்கள் எடையைக் குறைக்கக் கேமராவை நிலாவிலேயே வைத்துவிட்டு, பிலிம் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். சர்வீஸ் கவலை அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது கட்டம்தான் எனக்கு முக்கியம். உன் அப்பாவிடமிருந்தே நான் கற்றுக்கொண்டது அது.

நம் பள்ளிக்கூடத்தில் மார்ச் மாதம் குரூப் போட்டோ எடுக்க அண்ணாச்சிதான் வருவார். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, நெட்டையன் குட்டையன் பார்த்து அடுக்கி, ஸ்டாண்டில் அந்த மமியாவை வைப்பார். மேலே மூடியைத் திறந்து, குனிந்து கண்ணாடியைப் பார்ப்பார். கிளிக். உடனே நிமிர்ந்து, "ரெண்டாவது வரிசை, கடைசியில இருந்து மூணாவது பையன், கண்ணை மூடிட்ட. இன்னொண்ணு எடுக்கேன்" என்பார். ஐம்பது பேர் நிற்கிறார்கள். ஒரு கண்சிமிட்டலை எப்படிப் பிடித்தார்? பல வருஷம் எனக்கு இது மாயமாகவே இருந்தது. இயற்பியல் வாத்தியார் வேறு, வெளியே கேட்க வெட்கம். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

சிரித்துக்கொண்டே மேல் லென்ஸைக் காட்டினார். "சார்வாள், இதுல ரெண்டு கண்ணு. கீழ்க்கண்ணு படம் எடுக்கும். மேல்க்கண்ணு எப்பமும் முழிச்சிருக்கும்."

அவ்வளவுதான் சங்கதி. ஹாசல்பிளாடிலும் ஆர்பி67லும் ஒரே லென்ஸ். அதன் வழியே வருகிற காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் காட்டுகிறது. பட்டனை அமுக்கியதும் கண்ணாடி மேலே போய்விடும். படம் பதிகிற அந்த நொடியில் உனக்கு இருட்டு. இந்த இரண்டிலும் மறுபடி முறுக்குகிற வரை இருட்டேதான். ஆள் கண்ணை மூடினாரா, சிரித்தாரா என்பது படம் கழுவி வந்தபிறகுதான் தெரியும். இரட்டைக் கண் கேமராவில் மேல் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி அசைவதே இல்லை. பதிகிற முகத்தை, பதிகிறபோதே பார்க்கிறாய். பென்டாக்ஸ் 67இல் கண்ணாடி உடனே கீழே வந்துவிடும், ஆனால் அது போய் வருகிற அடியில் ஸ்டாண்டே அதிரும். மேலும் அதில் பிளாஷ் போட்டால் முப்பதில் ஒரு நொடிதான் வேகம். லென்ஸுக்குள் ஷட்டர் உள்ள மற்றவற்றில் எந்த வேகத்திலும் பிளாஷ் போடலாம். வெளியிலில் மலை, கடல் எடுக்கிறவனுக்கு இது பொருட்டே இல்லை. மனிதர்களை எடுக்கிறவனுக்கு?

நீ யாரை எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாய். பிறகு, "அம்மாவை எடுக்கணும் சார். அப்பா ஊரையே எடுத்தார். வீட்ல அம்மாவுக்குன்னு ஒரு நல்ல படம் இல்லை. எல்லாத்துலயும் ஓரமா நிக்கறாங்க" என்றாய். தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எக்செல் தாளே தேவைப்பட்டிருக்காது.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. உறவினர்கள் சிலருக்குத் தெரியும்.

1986இல் சிநேகிதர் ஒருவரிடம் பழைய இரட்டைக் கண் கேமரா ஒன்றை இரவல் வாங்கி, எங்கள் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தேன். கிட்டே போய், மூன்றடி தூரத்தில். கண்ணாடியில் அம்மாவின் முகம் நெற்றி, கொண்டை எல்லாம் அளவெடுத்த மாதிரி நின்றது. படம் கழுவி வந்தது. நெற்றிக்கு மேல் காணோம். பன்னிரண்டு படத்தில் கிட்டே போன ஐந்தும் அப்படியே. குற்றம் கேமராவுடையது இல்லை. பார்க்கிற லென்ஸ் மேலே, எடுக்கிற லென்ஸ் கீழே. தூரத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. கிட்டே போகப் போக, எடுக்கிற லென்ஸுக்குத் தெரிவது நீ பார்ப்பதைவிடக் கீழே இறங்கிவிடும். தலை போகும். வகுப்பில் ஸ்கேலில் இரண்டு முனைக்கும் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லி உங்களுக்கு நான் நடத்திய அதே பாரலாக்ஸ். பாடம் நடத்துகிறவனுக்கு ஊசி எடுத்துக் கொடுக்க யாருமில்லை. மறுபடி எடுக்கலாம் என்று இருந்தேன். அடுத்த ஐப்பசியில் அம்மா போய்விட்டார்கள். இன்றும் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிற படம் தூரத்தில் நின்று எடுத்த ஒன்றிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதுதான்.

சி330 வைத்திருக்கிறவனுக்கு இந்த விபத்து நடக்க வேண்டியதில்லை. கிட்டே போகப் போகக் கண்ணாடியில் ஒரு கோடு கீழே இறங்கி வரும். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளது படத்தில் வராது என்று அர்த்தம். ஸ்டாண்டு இருந்தால் இன்னும் சுலபம். இரண்டு லென்ஸுக்கும் நடுவே சரியாக 50 மி.மீ. பார்த்து, போகஸ் செய்து, ஸ்டாண்டின் நடுத் தண்டை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்திவிட்டு அமுக்கு. இதற்கென்றே பாராமெண்டர் என்று ஒரு சாமான் மமியா கம்பெனியே விற்றது. உன் வீட்டில் அதுவும் எங்காவது கிடக்கும், தேடிப் பார்.

மூன்றாவது கட்டத்தையும் இதோடு முடித்துவிடலாம். ஹாசல்பிளாடின் 80 மி.மீ. லென்ஸ் 90 சென்டிமீட்டருக்குள் போகாது. கிட்டே வேண்டுமென்றால் இடையில் குழாய் ஒன்று வாங்கிப் போட வேண்டும். யாஷிகா மேட், ரோலிஃப்ளெக்ஸ் எல்லாம் ஏறக்குறைய அதே தூரத்தில் நின்றுவிடும். சி330க்குத் துருத்தி மாதிரி பெல்லோஸ் இருக்கிறது. அதே 80 மி.மீ. லென்ஸோடு ஒரு முழத் தூரத்துக்கும் உள்ளே போகலாம். நீள நீள வெளிச்சம் கூடத் தேவைப்படும். எவ்வளவு என்பதையும் அந்தக் கண்ணாடியிலேயே காட்டும். அதோடு இரட்டைக் கண் கேமராக்களில் லென்ஸைக் கழற்றி மாற்றுகிற வசதி மமியா சி வரிசையின் தனிச் சிறப்பு. 55லிருந்து 250 வரை ஜோடி ஜோடியாக உண்டு. முகத்துக்கு 135 போடு, மூக்கு பெரிதாகத் தெரியாது. ஹாசல்பிளாடுக்குக் கொடுக்கப் போகிற பணத்தில் சிறு பங்கு போதும். மமியாவை விற்றால் வருகிற பணமோ, ஹாசல்பிளாடின் ஒரு நல்ல லென்ஸுக்கே காணாது. அந்தக் கணக்கையும் நீ போட்டிருக்கவில்லை.

ஆர்பி67ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. 6×7 நெகட்டிவ், கேமராவைச் சாய்க்காமலே பின்பக்கத்தை மட்டும் திருப்பி நெட்டைப் படமும் எடுக்கலாம். அதற்கும் பெல்லோஸ் உண்டு. ஸ்டுடியோவுக்கு ராஜா. ஆனால் லென்ஸோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல். நாற்பத்து மூன்று வயதில் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவனுக்கு அதைச் சிபாரிசு செய்தால் உன் மனைவி என்னைத் திட்டுவாள்.

இரட்டைக் கண் கேமராவை ஏழைகளின் கேமரா என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பெயர்கள். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. அவர் கையில் ரோலிஃப்ளெக்ஸ் இருந்தது. இன்னொருவர் அமெரிக்காவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்த விவியன் மேயர். இடுப்பளவில் ரோலிஃப்ளெக்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு சிகாகோ தெருக்களில் எடுத்துக் குவித்தார். 2007இல் ஒரு ஏலத்தில் அவருடைய பெட்டிகள் கைமாறிய பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. மாற்ற முடியாத ஒரே லென்ஸ் கேமரா அது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஹாசல்பிளாட் மேல் ஆசை உண்டு. முப்பது வருஷ ஆசை. வாத்தியார் சம்பளத்தில் இரண்டு பெண்களைக் கரையேற்றியவன் அதையெல்லாம் படத்தில்தான் பார்த்தேன். ஆகவே என் பேச்சில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கலாம், கழித்துக்கொள். பாதி ரோலில் கறுப்பு வெள்ளையைக் கழற்றிவிட்டுக் கலர் பெட்டியை மாட்டுகிற வசதி மமியா சி330இல் கிடையாது. அது உனக்குத் தினமும் தேவைப்படுகிற தொழில் என்றால் ஹாசல்பிளாட் வாங்கு. கண்ணால் பார்ப்பதே லென்ஸ் வழியாக இருக்க வேண்டும், பாரலாக்ஸ் வம்பே வேண்டாம் என்றாலும் வாங்கு. ஆனால் மமியாவை விற்று வாங்காதே.

சரி, பீரோவில் கிடக்கிற அதை முதலில் என்ன செய்ய வேண்டும்? தோல் உறையிலிருந்து வெளியே எடு. நம் ஊர் ஈரத்துக்குத் தோல் உறையும் பீரோவும் பூஞ்சைக்கு மெத்தை போட்ட மாதிரி. லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. நீயாகத் துடைக்காதே, ஆளிடம் கொடு. அடுத்து ஷட்டரை ஒரு நொடியில் வைத்துக் காதருகே பிடி. சீராக ஓடி முடிய வேண்டும். இழுத்து இழுத்து நின்றால் எண்ணெய் இறுகியிருக்கிறது. பிறகு இருட்டறையில் பெல்லோஸை முழுக்க நீட்டி, உள்ளே சின்ன விளக்கை வைத்து மூலைகளைப் பார். நட்சத்திரம் தெரிந்தால் ஓட்டை. மூன்றும் சரி என்றால் ஒரு ரோல் கறுப்பு வெள்ளை போடு. இல்ஃபோர்டு எச்பி5 போதும். வெளிச்ச மீட்டர் வாங்காதே, போனிலேயே ஆப் இருக்கிறது. ரோல் விலை, கழுவுகிற கூலி, ஸ்கேன் கூலி மூன்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பார். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு என்று தெரிந்தபிறகு பட்டனில் விரல் தானாக யோசிக்கும். ஹாசல்பிளாடுக்கு ஒதுக்கிய பணத்தில் எத்தனை ரோல் வரும் என்பதையும் பார்த்துவிடு.

'பி' பிரிவு பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருக்கிற குரூப் போட்டோவை ஸ்கேன் செய்து கீழே போடுங்கள். இரண்டாவது வரிசையில் கடைசியிலிருந்து மூன்றாவது ஆள் கண்ணைத் திறந்திருப்பது அந்த மேல்க்கண்ணால்தான். ஆள் யார் என்று அவனே கமெண்டில் சொல்லட்டும்.

தம்பி, பொங்கலுக்கு ஊருக்கு வருவதாகச் சொன்னாய் அல்லவா? கேமராவை அதற்குள் சர்வீஸ் பார்த்து வைத்துவிடு. காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டு முன்வாசலில் நல்ல சாய்ந்த வெளிச்சம் வரும், நான் பார்த்திருக்கிறேன். மதினியிடம் பட்டுப்புடவை எல்லாம் வேண்டாம், வீட்டில் கட்டுகிற நூல் புடவையிலேயே உட்காரச் சொல். ஸ்டாண்டு என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன். கேபிள் ரிலீஸ் மட்டும் நீ கொண்டு வா, என்னுடையது அறுந்துபோயிற்று.